பிசிறு எழாத கல்

மேலவலசு அணைக்கரையில், வெட்டுண்ட மீன்கள் தாம் வெட்டுண்டதை அறியாமல் தராசுத் தட்டில் நீந்த முயன்றுகொண்டிருந்த அந்த ஆண்டைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு, ஊரார் முதலில் மீனைப் பற்றிச் சொல்வதில்லை, கல்லைப் பற்றியே சொல்கிறார்கள். ஏனெனில் கத்தி தேறுவதும் கெடுவதும் கல்லால்தான் என்பதும், அந்தக் கல்லைத் தேர்ந்தெடுத்தவள் தவமணி என்பதும், அதற்கு முன்னரே அவளுக்குச் சரியான கல் காட்டப்பட்டது என்பதும், அவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேண்டாமென்று வைத்தாள் என்பதும் அங்கே எல்லாருக்கும் தெரியும்.

தவமணி அணைக்கரைக் கொட்டகையில் மீன் வெட்டிக் கொடுப்பவள். அவள் கணவன் சென்னியப்பன் பரிசலில் போய் வலை விரித்துக் கட்லாவும் கெண்டையும் வாளையும் கொண்டுவருவான். வாங்குகிறவர் சொன்ன அளவில் அவள் செதில் உரசித் துண்டு போட்டுத் தருவாள். அவளிடம் இருந்தது ஒரே கத்தி, லாரியின் வில்பட்டையை அடித்துச் செய்தது. மாதந்தோறும் சைக்கிளில் வந்து சாணை பிடித்துக் கொடுத்தவன் ஒருமுறை மோட்டார் பூட்டிய சக்கரத்தோடு வந்து, தீப்பொறி பறக்க அந்தக் கத்தியின் வெட்டுவாயை நீலம் பாயும்படி காய்ச்சிவிட்டுப் போனான். நீலம் பாய்ந்த இரும்பு நாலு மீனுக்குக்கூட நிற்காமல் மழுங்கியது. இனி ஒருவர் கையிலும் கத்தியைக் கொடுப்பதில்லை, தன் கையாலேயே தீட்டக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்து, தவமணி மஸ்தான் பாயின் இரும்புக் கடைக்குப் போனாள்.

பாய் மூன்று கற்களை எடுத்து வரிசையாக மேசைமேல் வைத்தார்.

"இது சொரசொரப்பு. இது நடுத்தரம். இது நைசு. எல்லாரும் வந்ததும் நைசைத்தான் தடவிப் பாப்பாங்க. நீயும் அதைத்தான் தடவறே."

தவமணி கையை எடுத்துக்கொண்டாள்.

"புதுசாப் படிக்கறவங்களுக்குச் சொரசொரப்புதான் தங்கச்சி. நைசெல்லாம் மெருகுக்கு. கல்லு உன் கத்தி நீளத்துக்கு இருக்கோணும், இல்லாட்டிப் பாதி வாயி தீட்டும், பாதி வாயி பட்டினி கெடக்கும். அகலம் நாலு வெரலு வேணும். மேல தண்ணிய ஊத்திப் பாரு. ஒரு எடத்துல குளமா நின்னா, அந்தக் கல்லு பள்ளம். அதை எடுக்காதே."

தவமணி சொரசொரப்புக் கல்லின்மேல் பெருவிரலை வைத்து இழுத்தாள். தோல் வெள்ளையாகக் கீறிற்று.

"இது கத்தியத் தின்னுடுமாட்ட இருக்குதுங் பாய்."

"தின்னும். தின்னாத்தான் வாயி பொறக்கும்."

"எங்கிட்ட இருக்கறது ஒரே கத்திங்க."

"எனக்குந்தான் ஒரே வவுறு. தேஞ்சு போயிரும்னு சோறு போடாமலா வெச்சிருக்கேன்?" என்ற பாய், தம் வயிற்றைத் தட்டிக் காட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இதைக் கேட்டுக்கோ. ஒரு பக்கமாத் தேச்சுட்டே இருந்தா, மறுபக்கம் வாயோரத்துல மயிரு கணக்கா ஒரு பிசிறு எழும். கண்ணுக்குத் தெரியாது, சுட்டுவெரலுக்குத் தெரியும். அடியில இருந்து நுனி வரைக்கும் அது எழுந்தாத்தான் ஒரு பக்கம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். அப்பறந்தான் கத்தியத் திருப்போணும். பிசிறு எழலைன்னா நீ எத்தனை நாழி தேச்சாலும் அது தீட்டினதுல சேராது. இரும்புக்கு ஒறைச்சாத்தான் பிசிறு எழும்."

தவமணி யோசித்துவிட்டு வருவதாகச் சொன்னாள். பாய் அந்தக் கல்லை மறுபடி காகிதத்தில் சுற்றி, "உன் பேரைச் சொல்லி மேல்தட்டுல இருக்கும்" என்று சொல்லி எடுத்து வைத்தார்.

அந்தக் கோடையில் அணை நீர் வடிந்து கீழவலசு வெளியே வந்தது. அணை கட்டியபோது மூழ்கிய ஊர் அது; மேலவலசில் இருக்கிற எல்லாரும் அங்கிருந்து மேடேறியவர்களும் அவர்கள் மக்களும்தாம். நீர் வடிகிற ஆண்டுகளில் அவர்கள் வெடித்த சேற்றின்மேல் நடந்து இறங்கி, தத்தம் வீடிருந்த இடத்தைக் கண்டுபிடித்து, வாசற்படிக் கல்லுக்கு மஞ்சள் பூசி, கட்டுச்சோற்றை அங்கேயே உட்கார்ந்து உண்டுவிட்டு வருவார்கள். ஏறி வரும்போது வெறுங்கையோடு வரலாகாது என்பது வழக்கம். ஓர் ஓட்டுச் சில்லையோ உடைந்த உரலின் விளிம்பையோ கையில் எடுத்து வர வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் மறுபடி ஏறும்போது வீடு வரைக்கும் வந்து கேட்கும். தண்ணீர் திருப்பிக் கொடுத்த பொருள் கடையில் வாங்கிய பொருளைவிட ஒரு படி மேலானது என்பதும் அவர்கள் கொள்கை. வேற்றூர்க்காரி ஒருத்தி பாய் சொன்ன கல்லை வாங்கியிருப்பாள். தவமணி மேலவலசுக்காரி, ஆதலால் பழைய ஆற்றுத் துறையின் படிகளுக்கிடையே கிடந்த ஒரு கரும்பச்சைப் பாளத்தை எடுத்துவந்தாள்.

பாய் சொன்ன அளவுகள் யாவும் அதற்குப் பொருந்தின. கத்தியின் நீளம் இருந்தது, நாலு விரல் அகலம் இருந்தது, மேலே ஊற்றிய நீர் ஓரிடத்திலும் தேங்காமல் மெல்லிய தோலாகப் பரவிற்று. தொட்டால் உறங்குகிற குழந்தையின் கன்னம்போல இருந்தது. தவமணி நனைத்த சாக்கின்மேல் அதை வைத்து, கத்தியின் முதுகை ஒரு தீக்குச்சியின் கனம் உயர்த்தி, இடக்கையின் சுட்டுவிரலாலும் நடுவிரலாலும் வாயோரத்தை அழுத்திக்கொண்டு, தள்ளியும் இழுத்தும் பழகினாள். எந்தக் கல்லிலும் இரும்பு உரசினால் ஓசை வரும். அந்தக் கல்லில் வரவில்லை. அவள் தீட்டுகிறபோது பக்கத்தில் இருந்தவர்களின் பேச்சும் காரணமில்லாமல் தாழ்ந்து நின்றது. பிசிறு எழவே இல்லை, எனினும் கத்தி மேலிருந்து விழுகிற தலைமயிரை இரண்டாக்கிற்று.

பாய் ஒருநாள் மீன் வாங்க வந்தபோது அதைக் கண்டார். கல்லைத் தொட்டவர் உடனே விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"பிசிறு வருதா?"

"வரலீங் பாய். ஆனா நல்லா வெட்டுதுங்க."

"வெட்டும். ஆனா இது கத்தியத் தீட்டலை தங்கச்சி. தடவிக் குடுத்துத் தூங்க வெக்குது."

மறுநாள்தான் அந்த மீன் வந்தது. சென்னியப்பன் வலையில் விழுந்த பெரிய கட்லா அது. லாரி ஓட்டி வந்த ஒருவர் அதைத் துண்டு போடச் சொன்னார். கத்தி மீனுக்குள் நிழல் விழுவதுபோல இறங்கி வெளியே வந்தது. துண்டுகள் தட்டில் விழுந்தபின்னும் தலை வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. வால் தாளம் தவறாமல் அசைந்தது. நடுத்துண்டுகள் மாறிமாறி முன்னும் பின்னுமாக வளைந்தன.

"ஏனுங்கக்கா, துண்டெல்லாம் நீஞ்சுது."

"புது மீனுங்க."

"புதுசுன்னா இத்தனை புதுசா?"

"வேண்டாம்னா வெச்சுட்டுப் போங்க, வாங்க ஆளிருக்குது" என்றான் சென்னியப்பன். அவர் வாங்கிக்கொண்டு போனார். மறுவாரம் இன்னும் இருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். தன் சாவை அறியாத மீனில் கசப்பில்லை, முள்கூட இனிக்கிறது என்று பேச்சுப் பரவிற்று. கழுவுகிற நீரில் துண்டுகள் தம் வரிசையைத் தாமே தேடிச் சேர்ந்து முழு மீனாக ஒரு வட்டம் வந்ததைப் பலர் பார்த்திருக்கிறார்கள். பெண்கள் அதற்கேற்ப நடந்துகொள்ளக் கற்றார்கள்: சட்டியின் மூடிமேல் அம்மிக் குழவியை வைத்தார்கள், புளித்தண்ணீர் கொதி வருகிற வரையில் அடுப்பை விட்டு நகராமல் இருந்தார்கள், அசைவது கண்டு அழுகிற பிள்ளைகளிடம் மீன் கனவு காண்கிறது என்றார்கள். புரட்டாசியில் கவுச்சி தொடாத ஒருவர், செத்தது தெரியாத மீன் கவுச்சியில் சேருமா சேராதா என்று கொட்டகையில் நின்று வழக்காடினார். "திங்கறது நீங்க, செத்ததா இல்லையான்னு உங்க வவுத்துக்குத் தெரியுமல்ல" என்று தவமணி சொன்னபின் வாங்காமல் போய், புரட்டாசி கழிந்ததும் வந்தார்.

ஐப்பசியில் ஒருநாள் வழவழத்த வாளை ஒன்று கைநழுவியபோது, கத்தி தவமணியின் இடக்கைச் சுட்டுவிரலின் அடிக்கணுவுக்குள் போய் மறுபுறம் வந்தது. இரத்தம் வரவில்லை, வலிக்கவுமில்லை. விரல் விழவுமில்லை, மடக்கினால் மடங்கிற்று, நீட்டினால் நீண்டது. கணுவைச் சுற்றி நூல் கட்டியதுபோல ஒரு கோடு மட்டும் இருந்தது. தட்டில் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்த வாளையின் தலையை அவள் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முந்தானை ஓரத்தைக் கிழித்துக் கணுவில் சுற்றிக்கொண்டாள். கணவனிடமும் சொல்லவில்லை.

வலிக்காமல் வெட்டுகிற கத்தி ஓர் ஊரில் இருந்தால், மீனோடு அதன் வேலை முடிவதில்லை. ஊரில் ஓர் அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தபோது, பொதுக் கிணற்றின் கயிற்றைத் தவமணியின் கத்தியால் அறுத்துக்கொண்டார்கள். அதற்குப் பின்னரும் இருவரும் ஒரே வாளியில் நீர் இறைத்து, பிரிந்ததாகவே நினைவில்லாமல் ஒன்றாகப் பேசிச் சிரித்தார்கள். நெடுநாள் வளர்த்த புளியமரம் சாலைக்காக வெட்டப்பட்டபோது, முதல் வெட்டை அந்தக் கத்தியால் போட்டார்கள். மரம் போன இடத்தில் நிழல் மட்டும் நின்றது, அதில் மாடு கட்டினார்கள். நாச்சாயி என்பவளின் கணவர் நெஞ்சுவலியில் இறந்தபோது, அவள் சோறு தொடாமல் கிடந்து அழுவதைக் காணப் பொறாத உறவினர், தாலிக்கயிற்றை அறுக்க வேண்டிய நாளில் அந்தக் கத்தியைக் கேட்டு வாங்கிப் போனார்கள். கயிறு அறுந்தது, நாச்சாயி எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றாள். அன்று முதல் அவள் குங்குமம் இட்டுக்கொண்டு, பொழுது சாய்கிற நேரத்தில் வாசலுக்கு வந்து, போகிற வருகிறவர்களிடம், "அவங்களை எங்காச்சும் பாத்தீங்களா?" என்று கேட்பாள்.

"சந்தைக்குப் போயிருக்காருங்க அத்தை, வந்துருவாரு" என்று முதலில் சொன்னவன் அவள் மகன் கதிரப்பன் அல்லன்; சாலையில் போன யாரோ ஒருவன். பிறகு கதிரப்பனும் சொன்னான். பிறகு ஊரே சொல்லிற்று. இன்றைக்கு யார் என்ன சொன்னார்கள் என்பதை ஒருவருக்கொருவர் முன்கூட்டியே சொல்லிவைத்துக்கொண்டார்கள், இல்லாவிட்டால் ஒருவர் சந்தை என்றும் ஒருவர் கோயில் என்றும் சொல்லிவிடக் கூடும். நாச்சாயி நிறைவோடு சிரித்துவிட்டு உள்ளே போய் இரண்டு தட்டுகளைக் கழுவி வைப்பாள்.

கார்த்திகையில் மேற்கே பெருமழை பெய்து அணைக்கு நீர் வந்துகொண்டிருந்த ஒரு பகலில், தவமணியின் தங்கை மரகதத்துக்கு மீன் கொட்டகையிலேயே வலி கண்டது. அவளும் அங்கேதான் மீன் விற்றாள். சாலையை வெள்ளம் அறுத்திருந்தது. செவிலி அக்கரையில் நின்று கைகாட்டினாளே தவிர வர முடியவில்லை. கொட்டகைப் பெண்கள் சேலையை விரித்து மறைத்தார்கள். குழந்தை வந்தபோது கையெட்டும் தொலைவில் இருந்த கத்தி தவமணியின் கத்தி. கொதிநீரில் முக்கி எடுத்து, அதன் நுனியால் அவளே கொடியை அறுத்தாள். அறுத்த கணத்தில்தான் எந்தக் கத்தி என்பது அவள் நினைவுக்கு வந்தது.

குழந்தை அழவில்லை. மூச்சு இருந்தது, ஆனால் நீருக்கடியில் இருப்பவரின் மூச்சுப்போல மிகவும் அரிதாக இருந்தது. கண் திறக்கவில்லை, கைகளை மார்போடு மடக்கிக்கொண்டு சுருண்டிருந்தது. தொப்புள் கொடியின் மிச்சம் காய்ந்து விழவில்லை. நாட்கள் போனபின்னும் ஈரமாக, வெதுவெதுப்பாக, துடித்துக்கொண்டிருந்தது. அது பால் குடிக்க வாய் திறக்கவில்லை, ஆனால் மரகதம் உண்டால் அது வளர்ந்தது. அவள் கொட்டகையில் உட்கார்ந்து மிளகாய் கடித்தால், வீட்டுத் தொட்டிலில் அது நெளிந்தது. ஆஸ்பத்திரியில் நிறுத்தும் அளந்தும் பார்த்துவிட்டு, எடை சரியாக இருக்கிறது, பொறுத்திருந்து பாருங்கள் என்றார்கள்.

ஊரார் அதற்கும் பழகினார்கள். தொட்டில் இருக்கிற வீட்டருகே உரக்கப் பேசுவதை விட்டார்கள். பாலூட்டாமல் பிள்ளை வளர்ப்பது தொழிலுக்கு எவ்வளவு வசதி என்று சில பெண்கள் பொறாமைப்பட்டார்கள். அழாத பிள்ளைக்குப் பெயர் வைக்கும் வழக்கம் அங்கில்லை, ஆதலால் பெயர் வைக்கவில்லை. மரகதம் வயிற்றின் அடியில் கையைக் கொடுத்துத் தாங்கியபடி, இல்லாத பாரத்தைச் சுமந்து சாய்ந்து சாய்ந்து நடப்பதைக் கண்டு, மாங்காயும் புளிச்சோறும் கொண்டுவந்து கொடுத்தார்கள். தை பிறந்ததும், பிறவாத பிள்ளைக்குரிய சடங்கு அது ஒன்றுதான் என்பதால், அவளுக்கு இரண்டாம் முறை வளைகாப்புச் செய்தார்கள். கை நிறைய வளையலோடு அவள் மணையில் இருக்க, பக்கத்தில் தொட்டிலில் குழந்தை கண்மூடிக் கிடந்தது. வளையல் அவள் முழங்கையைத் தாண்டி மேலேறிற்று, அவ்வளவு மெலிந்திருந்தாள். மாசியில் அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. குழந்தையின் கையோ கொழுத்து மடிப்பு விழுந்திருந்தது.

தவமணி சோறு பிசைந்து ஊட்டப் போனபோது மரகதம் வாயை மூடிக்கொண்டாள்.

"தின்னு கண்ணு."

"தின்னா அது வளருது, நான் தேயறேன். தின்னாம இருந்தா அதுவும் சேந்து சாகும். நீயே சொல்லு, எதைச் செய்ய?"

தவமணி பிசைந்த சோற்றைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள்.

"அக்கா, கொடி அறுத்தியா இல்லையா?"

"அறுத்தேனே. எல்லாரும் பாத்தாங்களே."

"எனக்குத் தெரியலையே. எனக்கு இன்னும் வவுறு எறங்கலை."

வேறு கத்திகளை அவர்கள் முயலாமல் இல்லை. செவிலி வந்து கத்தரிக்கோல் வைத்தாள். ஆனால் முன்னரே அறுந்த ஒன்றை அறுக்க இடமில்லை, கத்தரி வெறும் காற்றையே கடித்தது. இதையெல்லாம் நினைத்துக்கொண்டு தவமணி கத்தியையும், அன்று காலை வெட்டிய கெண்டைத் துண்டுகளை ஒரு தூக்குப்போசியிலும் எடுத்துக்கொண்டு மஸ்தான் பாயின் கடைக்குப் போனாள். துண்டுகள் போசிக்குள் டொக்கு டொக்கென்று மோதிக்கொண்டிருந்தன.

பாய் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு மேல்தட்டிலிருந்து காகிதச் சுற்றைப் பிரித்து, அந்தச் சொரசொரப்புக் கல்லை நீரில் முக்கி எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது தங்கச்சி. இந்தக் கத்தி இன்னும் ஒரு தடவைகூடத் தீட்டப்படலைங்கறது மட்டும் தெரியும். அழுத்தாம, அடியில இருந்து நுனி வரைக்கும், ஒரே ஒரு இழுப்பு இழுத்துப் பாரு."

தவமணி இழுத்தாள். சர்ரென்று ஓசை வந்தது. ஆற்றுக் கல்லில் தீட்டத் தொடங்கியபின் அந்தக் கத்தியிடமிருந்து அவள் கேட்ட முதல் ஓசை அது. போசிக்குள் கெண்டை ஒருமுறை முழு மூச்சாகத் துடித்து அடங்கிற்று. சுட்டுவிரலின் கணுவில் துணி சிவந்தது. அவள் துணியை அவிழ்த்தாள். கோட்டின்மேல் கடுகளவு இரத்தம் நின்றது. பாய் அதைப் பார்த்தார். கல்லைக் காகிதத்தில் சுற்றி அவள் கையில் கொடுத்தார்.

அவள் ஊர் திரும்புவதற்குள் செய்தி அவளுக்கு முன்னால் போயிருந்தது. அந்த ஓர் இழுப்பின்போது தொட்டிலில் குழந்தையின் இமை அசைந்திருந்தது. கிணற்றடியில் அண்ணன் தம்பியை ஒரு கணம் அந்நியனைப் பார்ப்பதுபோலப் பார்த்திருந்தான். நாச்சாயி தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டிருந்தாள். கொட்டகையில் ஊர் கூடிற்று.

"அந்த வாயை அழிக்காதீங்க" என்றான் கதிரப்பன். "எங்கம்மா சிரிச்சுட்டு இருக்குது. நாலு மாசமாச் சிரிச்சுட்டு இருக்குது. நீங்க ஒரு கல்லுல தேச்சு அதை அழ வெக்கப் போறீங்களா?"

"எந்தங்கச்சி சாகறாப்பா."

"சாகட்டும்னு நாஞ் சொல்லலை. வேற வழி பாக்கலாம்னு சொல்றேன்."

"பாத்தாச்சு" என்றாள் தவமணி.

"ஒரு ஊரு மீனும் எங்க வவுத்துல இருக்குது. அதெல்லாம் ஒரே நேரத்துல முழிச்சா?" என்றார் புரட்டாசிக்காரர்.

அப்போது நாச்சாயியே அங்கே வந்தாள். நெற்றியில் குங்குமம் இருந்தது. கூட்டம் ஏன் என்று கேட்டாள். தவமணிதான் சொன்னாள்: பிறந்த குழந்தை அழ வேண்டுமானால் ஒரு கத்தியை மறுபடி தீட்ட வேண்டும், தீட்டினால் சிலருக்கு வலிக்கும்.

"யாருக்கு வலிக்கும்?"

தவமணி சொல்லத் தொடங்குமுன் கதிரப்பன் குறுக்கிட்டு, "யாருக்கோ, விடும்மா" என்றான்.

"பொறந்த புள்ள அழுகோணும்" என்றாள் நாச்சாயி. "அதுக்கு யாருக்கு வலிச்சா என்ன? தீட்டு கண்ணு. அவங்க வந்தா நானே சொல்லிக்கறேன், அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

மறுநாள் உச்சிப்பொழுதில், அணை நீர் ஒரு சுருக்கமும் இல்லாமல் கண்ணாடிபோலக் கிடக்க, தவமணி கொட்டகையில் நனைத்த சாக்கை விரித்து அதன்மேல் கல்லை வைத்தாள். மரகதத்தைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிவந்து பக்கத்தில் இறக்கி, குழந்தையை அவள் கையருகே கிடத்தியிருந்தார்கள். தவமணி கத்தியின் முதுகை ஒரு தீக்குச்சியின் கனம் உயர்த்தினாள். இடக்கையின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் வாயோரத்தின்மேல் வைத்தாள். கத்தியின் அடிப்பகுதி மீனின் முள்ளை வெட்டியது, நடுப்பகுதி கயிறுகளையும் புளியமரத்தையும் அவள் விரலையும் வெட்டியது, நுனி கொடியை வெட்டியது. ஆதலால் எந்த இடத்துக்குப்பின் எந்த இடம் வரும் என்பது அவளுக்குத் தெரியும்.

அடியில் தொடங்கினாள். கல் இரும்பைத் தின்னத் தொடங்கியது. கறுத்த சேறு ஊறிற்று. சற்று நேரத்தில் அங்கே நின்ற எல்லாரும் வயிற்றில் கைவைத்துக்கொண்டார்கள். உண்டு செரித்து மறந்துபோன மீன்களெல்லாம் அவர்களுக்குள் ஒருமுறை வாலடித்து ஓய்ந்தன. சிலர் வெளியே போய் வாந்தி எடுத்தார்கள். தவமணி விரலால் மறுபக்கத்தைத் தடவினாள். அடியில் பிசிறு எழுந்திருந்தது.

நடுப்பகுதிக்கு நகர்ந்தாள். தொலைவில் கிணற்று வாளி கீழே விழுகிற ஓசை கேட்டது. சாலையோரத்தில், மரமில்லாத இடத்தில் கட்டியிருந்த மாடு திடீரென்று வெயிலில் நின்றது. நாச்சாயியின் கை மெல்ல எழுந்து கழுத்தைத் தொட்டது. அங்கே ஒன்றும் இல்லை என்பதைத் தடவித் தடவி அறிந்தது. அவள் அழுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவளோ மகனையும், பக்கத்தில் நின்றவர்களையும், ஒருவர் முகத்தையும் விடாமல் பார்த்துக்கொண்டு போனாள்.

"எத்தனை பேரு" என்றாள், "எத்தனை சந்தை."

அப்போது தவமணியின் கணுவில் சுருக்கென்றது. கத்தியின் நடு வாயில் பிசிறு வரத் தொடங்கியிருந்தது. அவள் கையை நிறுத்தினாள். நுனி இன்னும் கல்லைத் தொடவில்லை; இங்கே நிறுத்தினால் விரல் இருக்கும், நாளைக்கும் மீன் வெட்டலாம், நடுவை விட்டு நுனியை மட்டும் தீட்டலாம் என்றெல்லாம் ஒரு மூச்சுக்குள் அவளுக்குத் தோன்றியது. சென்னியப்பன் அவள் கையில் கசிகிற இரத்தத்தை அப்போதுதான் கண்டு, கணுவைச் சுற்றியிருந்த துணி இத்தனை மாதமும் எதற்கு என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டு, "தவமணி" என்று மட்டும் சொன்னான். கட்டிலில் மரகதம் அக்காளின் கையைப் பார்த்துவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

அடியிலிருந்து நுனிவரை விடாமல் பிசிறு எழாவிட்டால் அது தீட்டினதில் சேராது. தவமணி அழுத்தினாள். இரண்டு இழுப்புக்குப்பின் விரல் தான் வெட்டுண்டதை அறிந்தது. ஐப்பசி முதல் மாசி வரைக்கும் அறியாமல் இருந்த வலி முழுவதும் ஒன்றாக வந்தது; விரல் கணுவோடு கழன்று, கல்லின்மேல் கறுத்த சேற்றில் விழுந்து, ஒருமுறை மடங்கி நீண்டு அமைந்தது. யாரோ முந்தானையைக் கிழித்துக் கையில் சுற்றினார்கள். அவள் அதைச் சுற்றுகிற வரைக்கும் பொறுத்திருந்துவிட்டு, நடுவிரலையும் மோதிரவிரலையும் கத்தியின்மேல் வைத்துக்கொண்டு, நுனியைக் கல்லுக்குக் கொண்டுவந்தாள்.

நுனிக்கு நெடுநேரம் பிடித்தது. வளைந்த இடம் என்பதால், ஒவ்வோர் இழுப்பிலும் பிடியைச் சற்றே உயர்த்த வேண்டியிருந்தது; அதைச் செய்யத் தவறினால் பிசிறு விட்டுவிட்டு எழும். கல்லின் ஓசையைத் தவிர வேறு ஓசை இல்லை. பிறகு மரகதம், மாதக்கணக்காக அடக்கிவைத்த ஒன்றை விடுவதுபோல, பெரிதாக அலறினாள்; அவள் அலறி முடிக்குமுன் அதனினும் பெரிதாக இன்னொரு குரல் எழுந்தது. குழந்தை வாயைத் திறந்திருந்தது, கண்ணைத் திறந்திருந்தது, கைகளை விரித்து உதறியது, பிறந்த குழந்தைக்குரிய கோபம் அவ்வளவும் அதன் முகத்தில் இருந்தது. கொடியின் மிச்சம் காய்ந்த வெற்றிலைக் காம்புபோல உதிர்ந்து கட்டிலில் விழுந்தது.

"எறங்கிருச்சு அக்கா" என்றாள் மரகதம்.

நாச்சாயிதான் முதலில் குனிந்து குழந்தையை எடுத்தாள். நெற்றிக் குங்குமத்தை அவள் எப்போது துடைத்தாள் என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. குழந்தையை மரகதத்தின் மார்பில் சேர்த்து, அது வாய்வைத்துப் பிடிக்கிற வரைக்கும் தாங்கிக்கொண்டிருந்துவிட்டு, எவரையும் பாராமல் கொட்டகையை விட்டு வெளியே போனாள்.

தவமணி கல்லின்மேல் நீர் தெளித்தாள். ஒரு பக்கம் முடிந்ததா என்று பாராமல் கத்தியைத் திருப்பக் கூடாது. அவள் இடக்கையை உயர்த்தி, பழகிய பழக்கத்தால், இல்லாத சுட்டுவிரலைக் கத்தியின் மறுபக்கத்தில் வைத்து, அடியிலிருந்து நுனிவரை மெதுவாகத் தடவிக்கொண்டு போனாள். துணி சுற்றிய கணுவுக்கும் இரும்புக்கும் இடையே ஒரு விரலின் நீளத்துக்கு வெறும் வெளிச்சம் இருந்தது. அந்த வெளிச்சத்தின் நுனியில், மயிரிழைபோல, ஓரிடத்திலும் விடுபடாமல், பிசிறு தட்டுப்பட்டது.

அவள் கத்தியைத் திருப்பி, மறுபக்கத்தைத் தீட்டத் தொடங்கினாள்.